சுரிமுனை: தொகைமதிப்பு இரவு

முதற் கேள்வி:
இன்றிரவு இந்த வீட்டில் உறங்குவோர் யார் யார்?
நேற்று உறங்கியவர் வேண்டாம்,
நாளை வருபவர் வேண்டாம்.
அதனால்தான் டோர்ச்சும் குடையுமாய்
ஐந்தரைக்கே வந்திறங்கினேன்.

அறுபத்திரண்டு வீடு. பூட்டியவை ஒன்பது.
நல்ல தண்ணீர் ஒரு கிணற்றில்,
மற்றக் கிணறுகளுக்குக் கடல் வந்துபோகிறது.

கதிர்காமத்தம்பி வீட்டில் நாலு பேர் என்றார்கள்.
மூத்தவன் கட்டாரில் என்றதும்
மூன்று என்று எழுதினேன்.
தாய் என் பேனையையே பார்த்திருந்தாள்.
"அவன்ட காசிலதான் பிள்ளை
இந்த லைட் எரியுது."
லைட்டுக்கு வேறு பக்கம்.
மின்சாரம்: உண்டு.

பாக்கியவதி மூன்றாம் வரியை
வெறுமையாக விடச் சொன்னாள்.
அப்படி விட முடியாது அக்கா, என்றேன்.
போன முறை வந்த பொடியன் விட்டவன், என்றாள்.
இரண்டாயிரத்து ஆறிலிருந்து
ரேஷன் காட்டிலும் அவளிடம்
அந்த வரி அப்படித்தான் கிடக்கிறது.
நான் நாலாம் வரிக்குப் போனேன்.

போக்குவரத்துப் பக்கம் சுலபம் என்று நினைத்திருந்தேன்.
துவிச்சக்கர வண்டி நாற்பத்தொன்று;
ஏழு ஓடாது,
ஒன்றில் வலை காயப் போட்டிருக்கிறது.
மோட்டார் சைக்கிள் பதினொன்று,
லீசிங்காரர் கேட்டால் எட்டு.
லேண்ட்மாஸ்டர் இரண்டு.
ஓட்டோ ஒன்று, வில்வராசாவுடையது,
அதன் முன்சில்லு மட்டும்
மூதூர் கராஜில் மூன்று மாதமாய்.
தோணியைப் படிவம் கேட்கவில்லை.
மாரியில் ஆறு பாலத்துக்கு மேலால் ஓடும்,
அப்போது தோணிதான் பஸ் என்று
கொழும்பில் அச்சடித்தவருக்கு யார் சொல்வது?

ஏழே முக்காலுக்கு பஸ் வந்தது.
அதுதான் கடைசி, அதுதான் காலையில் முதலாவது.
வெறும் வண்டியாய்த் திரும்பினால் டீசலுக்குக் கட்டாது,
சங்கக் கடை முன்னால் படுத்துக்கொள்ளும்.
சாரதி ஜுனைதீன் நீள்சீற்றில்,
கொண்டக்டர் பியசேன நடுவில்,
டிக்கட் பை தலைக்கு,
நுளம்பு வலை ஜன்னல் கம்பிக்கு.
மிதிபலகையில் நின்று கேட்டேன்:
"குடும்பத் தலைவர் யார்?"
இருவரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

கூரை: தகரம்.
சுவர்: தகரம்.
நிலம்: அதுவும் தகரம், ஓர் இடத்தில் ஓட்டை.
சமையல்: பூரணலட்சுமி வீட்டுப் பிட்டு, மாதக் கணக்கு.
உரிமை: அரசாங்கம்.
வீட்டு இலக்கம் என்ற இடத்தில்
இறங்கி முன்பக்கம் போய்
டோர்ச் அடித்துப் பார்த்து எழுதினேன்.

இருநூற்றுப் பதின்மூன்றுடன் இரண்டு.
திரும்பிப் போக வழியில்லாத நான் ஒன்று.
பூரணத்தின் பாயில் படுத்தபடி
இருநூற்றுப் பதினாறு என்று முடித்தேன்.
வெளியே நாய்கள் பஸ்ஸுக்கடியில் இடம் பிடித்துச்
சண்டை போட்டு ஓய்ந்தன.

காலை ஆறு பத்துக்கு ஹோர்ன் மூன்று முறை.
வெள்ளைச் சீருடைகள், கார்மண்ட் பெண்கள்,
கிளினிக் கொப்பியோடு ஒருத்தி,
ஒரு பெட்டி நண்டு.
ஐம்பத்தெட்டு டிக்கட் கிழித்தான் பியசேன.
ஊர் அவ்வளவால் குறைந்து
பாலத்தைக் கடந்தது.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பணிமனையில் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பினார்கள்:
"இது என்ன வீட்டு இலக்கம்?"
ஓடும் வீடு, என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு அன்புவழிபுரத்தில்
எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம்
என் கணவர் என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டாராம்.
"நீ இல்லாத வீடா?" என்று கேட்கிறார்.
ஆக, இந்த மாவட்டத்தில்
நான் இரண்டு பேர்.
திருத்தக் கடிதம் எழுத வேண்டும்.
எழுதத்தான் இருக்கிறேன், மூன்று நாளாய்.
ஒன்று கூடுதலாய் என் பக்கம் கிடக்கிறது,
பாக்கியவதியின் மூன்றாம் வரி
அப்படியே கிடக்கிறது.